ஸ்திரீட்டும் ரோடும்

ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் கூறும்போது நம்மில் பலர் வகுப்பறையில் கையாளும் விதி ஒன்றுண்டு. இருமருங்கும் வீடுகளும் கடைகளும் அமைய ஊருக்குள் செல்வது 'ஸ்திரீட்'. ஓர் ஊரை மற்றோர் ஊருடன் இணைப்பது 'ரோடு' என்பதே அது. இக்கால வழக்கிற்கு இவ்விதி ஓரளவு பொருந்தும். ஆனால், இச்சொற்களின் பிறப்பை ஆராயுமிடத்து நிலைமை தலைகீழாக இருக்கக் காண்கிறோம்.

கி.பி. 43-ஆம் ஆண்டில் உரோமப் பேரரசர் கிளாடியசின் படை பிரிட்டனில் இறங்கிற்று. நாட்டை வென்ற உரோமர், தம் படைகள் விரைந்து செல்லும்பொருட்டுக் கல் பரப்பிய நெடுவழிகளை அமைத்தனர். பரப்பப்பட்டது என்னும் பொருள்படும் இலத்தீன் சொல் 'ஸ்திராடா'. அதன் வழிவந்ததே 'ஸ்திரீட்'. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமர் ஆட்சி மறைந்தது. அதன்பின் குடியேறிய ஆங்கிலோ-சாக்சனியர் அப்பெருவழிகளை இச்சொல்லாலேயே அழைத்தனர். டோவர் துறைமுகத்திலிருந்து இலண்டன் வழியாக வடமேற்கே ராக்சிட்டர் வரை சென்ற 'வாட்லிங் ஸ்திரீட்', இலண்டனிலிருந்து வடக்கே யார்க்கு நகரை நோக்கிச் சென்ற 'எர்மின் ஸ்திரீட்' ஆகியன இதற்குச் சான்று. எனவே, தொடக்கத்தில் ஊர்களை இணைத்தது ஸ்திரீட்டே யாகும்.

அப்படியாயின் 'ரோடு' யாது? பழைய ஆங்கிலத்தில் அது வழியைக் குறிக்கவே இல்லை. குதிரை ஏறிச் செல்லுதலாகிய செயலையே குறித்தது. குதிரைமேற் சென்று பகைவரைத் தாக்குதலும் அதனுள் அடங்கும். திடீர்ச் சோதனையைக் குறிக்க இன்று நாம் கூறும் 'ரெய்டு' என்பது இதே சொல்லின் ஸ்காட்லாந்து வடிவமாகும். செயலைக் குறித்த சொல், செயல் நிகழும் இடத்திற்கு ஆகிவந்தது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியளவிலேதான்.

இதற்கு இலண்டன் மாநகரமே சான்று பகர்கிறது. 'சிட்டி' எனப்படும் அதன் பழம்பகுதியில் ஸ்திரீட் உண்டு. சந்தாகிய 'லேன்' உண்டு. இன்னும் குறுகிய 'அல்லி'யும் உண்டு. ரோடு மட்டும் நெடுங்காலம் இல்லாதிருந்தது. அவ்வழிகள் பெயர் பெற்ற நாளில் ரோடு என்னும் சொல்லுக்கு அப்பொருள் ஏற்படவில்லை என்பதே காரணம். 1994-ஆம் ஆண்டில் எல்லை திருத்தப்பட்டபோது கோஸ்வெல் ரோட்டின் ஒரு பகுதி உள்ளே வந்தது. மற்றொரு புதுமையும் உண்டு. இலண்டனிலுள்ள எட்ஜ்வேர் ரோடு, பழைய வாட்லிங் ஸ்திரீட்டின் தடத்திலேயே செல்கிறது. உரோமர் இட்ட ஒரே வழி, ஓரிடத்தில் ஸ்திரீட் எனவும் பிறிதோரிடத்தில் ரோடு எனவும் வழங்குகிறது. நம் விதி இங்கு என் செய்யும்?

வட இங்கிலாந்திற்குச் சென்றால் வேறொரு வரலாறு புலப்படும். யார்க்கு நகரில் கோப்பர்கேட், ஸ்டோன்கேட் என்னும் தெருக்கள் உள்ளன. 'கேட்' என்றதும் வாயிற்கதவை எண்ணுதல் வேண்டா. கி.பி. 866-இல் அந்நகரைக் கைப்பற்றிய வைக்கிங்குகளின் மொழியில் 'காட்டா' என்றால் தெரு. நகரின் உண்மையான கோட்டை வாயில்களோ அங்கு 'பார்' எனப்படுகின்றன. வென்றவர் ஆட்சி பத்தாம் நூற்றாண்டில் முடிவுற்றது. அவர்தம் சொல்லோ இன்றும் தெருமுனைப் பலகையில் நிற்கிறது.

பிரெஞ்சு மொழி தந்தது 'அவென்யூ'. வந்தடைதல் என்பது அதன் வேர்ப்பொருள். செல்வர் மாளிகையை வந்தடையும், இருபுறமும் மரம் நட்ட வழியே அவென்யூ ஆயிற்று. இன்றோ மரமில்லாத தெருக்களும் பெருமை கருதி அப்பெயரைத் தாங்குகின்றன. 'மியூஸ்' என்பதன் கதை இன்னும் சுவையானது. சேரிங் கிராசில் அரசரின் வேட்டைப் பருந்துகள் இறகு உதிர்க்கும் காலத்தில் அடைக்கப்பட்ட கூடங்களுக்கு அப்பெயர் வழங்கிற்று. 1534-இல் அவை தீக்கிரையாயின. பின்னர் அவ்விடத்தே எழுந்த குதிரை இலாயங்கள் பழம்பெயரையே பெற்றன. நாளடைவில் இலாயச் சந்துகள் யாவும் மியூஸ் எனப்பட்டன. குதிரைகளும் போயின, இன்று அங்கே மக்கள் குடியிருக்கின்றனர்.

நம் நாட்டிலும் இவ்வேறுபாட்டின் சுவடு உண்டு. 1957-இல் விடுதலை பெற்றபின் ஆங்கிலத் தெருப்பெயர்கள் படிப்படியாக மலாய் மொழிக்கு மாற்றப்பட்டன. கோலாலம்பூரில் அம்பாங் ஸ்திரீட் லெபோ அம்பாங் ஆயிற்று. அம்பாங் ரோடு ஜாலான் அம்பாங் ஆயிற்று. செட்டியார்களின் தொழிற்கூடங்களால் நம்மவர் நன்கறிந்தது முன்னது. இரண்டையும் 'அம்பாங் சாலை' என மொழிபெயர்ப்போமாயின் கடிதம் வேறு வாசலுக்குப் போய்ச் சேரும். பெட்டாலிங் ஸ்திரீட்டோ ஜாலான் பெட்டாலிங் ஆயிற்று. ஆகவே, இங்கும் விதி முழுதும் செல்லவில்லை.

தேர்வுக்காக விதியைக் கற்பிப்பதில் தவறில்லை. ஆயினும், அது வழக்கைப் பற்றிய குறிப்பே யன்றிச் சொல்லின் இலக்கணம் அன்று என்பதையும் உடன் உணர்த்துதல் ஆசிரியர் கடன். விதியை மட்டும் கற்ற மாணவன், வாட்லிங் ஸ்திரீட்டைக் கண்டால் அதனைப் பிழை என்பான். வரலாற்றையும் கற்றவனோ, அங்கே உரோமரின் காலடியைக் காண்பான்.