வெட்டும் அதிகாரமும் வகைப்படுத்தும் அதிகாரமும்

இந்தியாவில் நாளிதழோ நூலோ அச்சேறும் முன் எந்த அதிகாரியின் ஒப்புதலையும் பெற வேண்டியதில்லை. திரைப்படத்தின் நிலை வேறு. 1918ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டத்தில் தொடங்கிய முன்தணிக்கை, 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் வழியாக இன்றும் நீடிக்கிறது. இயக்குநர் கே. ஏ. அப்பாஸ் தம் ஆவணப்படத்துக்கு யு சான்றிதழ் மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970ல் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. மற்றக் கலைகளைவிடத் திரைப்படம் மனித உணர்ச்சிகளை ஆழமாகக் கிளறுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம். அப்போது இந்தியத் தொலைக்காட்சி தில்லியைத் தாண்டியிருக்கவில்லை. இன்று அதே படம் கைபேசியில் ஓடுகிறது. முன்தணிக்கை மட்டும் திரையரங்கு வாசலிலேயே நிற்கிறது.

தணிக்கை வாரியத்திடம் இரண்டு அதிகாரங்கள் கலந்து கிடக்கின்றன. படம் எந்த வயதினருக்கு ஏற்றது என்று வகைப்படுத்துவது ஒன்று. காட்சியை வெட்டச் சொல்வதும் சான்றிதழையே மறுப்பதும் மற்றொன்று. கட்டுப்பாட்டைத் தளர்த்தலாமா என்ற விவாதத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்படுவதால், ஒரு தரப்பு குழந்தைகளைக் காட்டி வெட்டை நியாயப்படுத்துகிறது. மறுதரப்பு வெட்டை எதிர்க்கும் வேகத்தில் வகைப்பாட்டையும் பழிக்கிறது. வயதுவாரி வகைப்பாடு தேவை என்பதை மறுக்க நியாயமில்லை. கேள்விக்குரியது வெட்டுதான்.

சட்டத்தின் 5பி பிரிவு நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நற்பண்பு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு முதலியவற்றைச் சான்றிதழ் மறுப்பதற்கான காரணங்களாகச் சொல்கிறது. 1991ல் வெளியான வழிகாட்டு நெறிகள் இவற்றை விரித்து, ஆபாசம், கொச்சைத்தனம் ஆகியவற்றையும் ரசனை சார்ந்த முடிவுகளாக வாரியத்தின் கையில் விட்டன. விளைவை 2016ல் ‘உட்தா பஞ்சாப்’ திரைப்பட வழக்கில் காணலாம். வாரியத்தின் மறு ஆய்வுக் குழு 13 மாற்றங்களைக் கேட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரே ஒரு வெட்டையும் ஓர் அறிவிப்பு வாசகத்தையும் மட்டும் ஏற்று, ஏ சான்றிதழ் வழங்க உத்தரவிட்டது. ஒரே சட்டத்தைப் படித்த இரு தரப்புக்கும் இடையே இவ்வளவு தூரம் இருந்தால், அங்கே செயல்பட்டது சட்டமா ரசனையா என்ற ஐயம் எழுவது இயல்பே.

வாரியம் கேட்காமலே நடக்கும் வெட்டுகளும் உண்டு. தமிழ்நாட்டில் 2011க்குப் பின் கேளிக்கை வரிவிலக்குப் பெற யு சான்றிதழ் கட்டாயமாக இருந்தது. அந்தச் சான்றிதழுக்காகத் தயாரிப்பாளர்கள் தாங்களே காட்சிகளை விட்டுக்கொடுத்தார்கள். ஜிஎஸ்டி வந்ததும் அந்தச் சலுகை போனது. ஏ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது என்ற விதி மட்டும் இன்னும் சாட்டிலைட் உரிமைக்காகக் கத்தரி எடுக்க வைக்கிறது.

கட்டுப்பாட்டை ஆதரிப்போரின் வலுவான வாதம் பொது அமைதி பற்றியது. இதற்கான விடையைத் தந்தது ஒரு தமிழ்ப்படமே. இடஒதுக்கீடு குறித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் யு சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. 1989ல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. போராட்டமோ வன்முறையோ நேரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது, பாதுகாப்புக் கொடுக்க இயலவில்லை என்று கைவிரிக்கவும் அரசுக்கு உரிமையில்லை என்று அத்தீர்ப்பு தெளிவாக்கியது. ஆனால் 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ வெளியாகவிருந்தபோது நடந்தது நேர்மாறு. வாரியம் சான்றிதழ் கொடுத்திருந்தது. இஸ்லாமிய அமைப்புகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு பிறப்பித்தனர். 500க்கும் மேற்பட்ட திரையரங்குகளுக்குப் பாதுகாப்புத் தரப் போதிய போலீஸ் இல்லை என்று அரசு வாதிட்டது. தனி நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. சில காட்சிகளில் மாற்றம் செய்யத் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட பிறகே, பிப்ரவரி 7 அன்று தமிழ்நாட்டில் படம் திரைக்கு வந்தது. சட்டப்படி அமைந்த வாரியம் பார்த்து அனுமதித்ததை, சட்டத்தில் இடமே இல்லாத ஒரு பேச்சுவார்த்தை மாற்றி எழுதியது.

படங்களை இணையத்தில் காட்டும் ஓடிடி தளங்களிலும் இதே கதைதான். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் அவற்றுக்கு முன்தணிக்கை விதிக்கவில்லை. வயதுவாரி வகைப்பாட்டையும் மூன்றடுக்குப் புகார் முறையையும் மட்டுமே வைத்தன. தாளில் இது தளர்வான ஏற்பாடு. ஆயினும் வாரியச் சான்றிதழுடன் திரையரங்குகளில் ஓடிய ‘அன்னபூரணி’, புகார்கள் கிளம்பியதும் 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து அகற்றப்பட்டது. வாரியத்தின் பிடியை மட்டும் தளர்த்தினால் கத்தரி மறைவதில்லை, கை மாறுகிறது. எனவே வெட்டும் அதிகாரத்தைக் குறைக்கும் எந்தச் சீர்திருத்தமும் சான்றிதழ் பெற்ற படத்தைக் காக்கும் கடமையை அரசின்மீது கூடவே சுமத்த வேண்டும்.

தளர்த்தினால் கட்டுப்பாடு குலைந்துவிடும் என்ற அச்சத்துக்கு நாடக மேடை ஓரளவு பதில் சொல்கிறது. எம். ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்தே கொண்டுவரப்பட்டதாகக் கருதப்படும் 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம், நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரிகளின் பார்வைக்கு உட்படுத்தியது. எழுத்தாளரும் நாடக இயக்குநருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிரிவுகள் செல்லாது என்றது. மேடைக்கு முன்தணிக்கை மீண்டும் வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுவாக எழவில்லை. நாடகத்தின் பார்வையாளர் வட்டம் சிறியது என்பதால் இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஆனாலும் தண்டனைச் சட்டத்தின் பொதுவான பிரிவுகளே போதும் என்பதற்கு இது கண்முன் உள்ள சான்று.

மத்திய அரசு அமைத்த ஷியாம் பெனகல் குழு 2016ல் வாரியம் பெரும்பாலும் வகைப்படுத்தும் அமைப்பாகவே இயங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. யுஏ பிரிவு 7, 13, 16 வயதுகளாகப் பிரிந்தது. சான்றிதழ் காலவரம்பின்றிச் செல்லும் என்றாயிற்று. சான்றிதழ் பெற்ற படத்தை மத்திய அரசு மறுபரிசீலனை செய்யலாம் என்று 2021 வரைவில் இருந்த பிரிவு, எதிர்ப்புக்குப் பின் இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் வெட்டச் சொல்லும் அதிகாரம் அப்படியே இருக்கிறது. வாரியத்தின் முடிவை எதிர்த்து விரைவாக முறையிட உதவிய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டுவிட்டது. வெளியீட்டுத் தேதியும் வட்டிக் கடனும் கழுத்தை நெரிக்கும் சிறு தயாரிப்பாளர் உயர் நீதிமன்றப் படியேறுவதைவிட, சொன்ன இடத்தில் வெட்டிக் கொடுப்பதையே தேர்ந்தெடுப்பார். இத்தீர்ப்பாயத்தை மீட்பதும் வெட்டும் அதிகாரத்தைச் சட்டத்திலிருந்து எடுப்பதும் நாடாளுமன்றம் செய்ய வேண்டிய அடுத்த இரு திருத்தங்கள்.