வாளித் தண்ணீரும் அக்கினியும்

1905 ஜூன் 29, விடிவதற்கு முன். புனேவுக்கு அருகே கேட்காவில், பண்டித ரமாபாயின் முக்தி மிஷன் விடுதி. கண்விழித்த ஒரு பெண், பக்கத்தில் படுத்திருந்தவள் தீப்பற்றி எரிவதைக் காண்கிறாள். ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டு வருகிறாள். ஊற்றப்போகும்போதுதான் தெரிகிறது, அங்கே நெருப்பே இல்லை. அது பரிசுத்த ஆவியின் அக்கினி என்றார்கள்.

இதைப் பதிவு செய்தவர் அங்கே பணிசெய்த அமெரிக்க மிஷனரி மின்னி ஆப்ராம்ஸ். தொடர்ந்த நாட்களில் பெண்கள் கூட்டமாகக் கதறினார்கள், மார்பில் அடித்துக்கொண்டார்கள், பாவங்களை உரக்க அறிக்கையிட்டார்கள்.

வானத்திலிருந்து திடீரென விழுந்ததல்ல இது. வேல்ஸ் நாட்டு எழுப்புதல் பற்றிய செய்தி முன்பே வந்திருந்தது. ஜனவரியில் சுமார் 70 பேருடன் தொடங்கிய ஜெபக்குழு ஜூனில் 550 ஆகியிருந்தது. எதிர்பார்ப்பு அவ்வளவு கெட்டிப்பட்ட இடத்தில் ஒருத்தி காண்பதை மற்றவளும் காண்பாள்.

இத்தகைய கூட்டத்தை விளக்க அன்றைய அறிஞர்களிடம் 'ஹிஸ்டீரியா' என்ற சொல் தயாராக இருந்தது. கூட்டத்தின் குணமே பெண்ணின் குணம் என்று 1895-லேயே எழுதிவிட்டார் குஸ்தாவ் லெ போன். சமய அனுபவத்தைப் பரிவோடு ஆராய்ந்த வில்லியம் ஜேம்ஸ்கூட, 1902-இல் வந்த நூலில், தனிமையில் இருக்கும் மனிதரையே பார்த்தார். முக்தியின் பெண்களுக்கு ஏது தனிமை?

அவர்கள் யார்? 1896-97 மத்திய மாகாணப் பஞ்சத்திலிருந்தும் 1900 குஜராத் பஞ்சத்திலிருந்தும் மீட்கப்பட்ட சிறுமிகள் பலர். குழந்தை விதவைகள் பலர். ரமாபாயே தாய், தந்தை, அக்கா மூவரையும் பஞ்ச காலத்தில் பறிகொடுத்தவர்தான். மார்பில் அடித்து அழுவது நாம் அறியாததா? இழவு வீட்டில் அதைப் பைத்தியம் என்று யாரும் சொல்வதில்லை. பஞ்சத்தில் செத்தவர்களுக்கு அழ இவர்களுக்கு எப்போது நேரம் கிடைத்தது? அந்த அழுகையும் இந்தக் கதறலில் கலந்திருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. துக்கத்துக்கு அங்கே கிடைத்த மொழி பாவ அறிக்கை. பட்டினியில் தப்பிப் பிழைத்த பிள்ளை, தான் செய்த எதற்காக மன்னிப்புக் கேட்டாள்?

சத்தமும் கூச்சலும் அதிகம் என்று சில மிஷனரிகள் முகம் சுளித்தபோது, இந்தியர்களுக்கு எழுப்புதல் அவர்கள் இயல்புக்கு ஏற்றபடி வரட்டும் என்று எழுதினார் ரமாபாய். அழுகை அடங்கியதும் பெண்கள் குழு குழுவாகக் கிளம்பினார்கள். எதிரே வந்தாலே அபசகுனம் என ஒதுக்கப்பட்ட விதவைகளும் சுற்றியிருந்த கிராமங்களுக்குப் போய், தெருவில் நின்று பிரசங்கம் செய்தார்கள்.