வெள்ளிக்கோளில் பாஸ்பீன்

வெள்ளிக்கோளின் மேகங்களில் பாஸ்பீன் உண்டா என்பது 2020 முதல் நீளும் நிறமாலையியல் விவாதம். ஒரு பாஸ்பரஸ் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த நச்சு வாயு இது; தானியக் கிடங்குகளில் பூச்சிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வெளிவிடுவதும் இதைத்தான். பூமியில் ஆக்சிஜன் இல்லாத, நுண்ணுயிர்கள் வாழும் சதுப்புச் சேற்றிலும் இது உண்டாவதால், வெள்ளியில் இருந்தால் அது உயிரின் தடயமோ என்ற பரபரப்பு எழுந்தது.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஜேன் கிரீவ்ஸ் குழு, ஹவாயின் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியில் 2017இலும் சிலியின் அல்மா ரேடியோ தொலைநோக்கி வரிசையில் 2019இலும் எடுத்த நிறமாலைகளில், 266.94 கிகாஹெர்ட்ஸ் அருகே ஓர் உட்கவர் கோட்டைக் கண்டதாக 2020 செப்டம்பரில் அறிவித்தது. நூறு கோடி மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 20 பாஸ்பீன் என்பது அவர்கள் கணக்கு.

சிக்கல் கோட்டைச் சுற்றியிருந்த பின்னணியில் கிடந்தது. வெள்ளி மிகப் பிரகாசமானது. அதன் கதிர்வீச்சு கருவிக்குள் எதிரொளித்து நிறமாலையில் அலைபோன்ற ஏற்ற இறக்கங்களை விட்டுவிடும். அவற்றைக் கழிக்க, கோடு வரவேண்டிய இடத்தை ஒதுக்கிவிட்டு, இருபுறத் தரவுகளுக்கும் 12ஆம் படிப் பல்லுறுப்புக்கோவை பொருத்தப்பட்டது. அத்தனை வளைவுள்ள கோவை, ஒதுக்கிய இடைவெளியில் தானே ஒரு பள்ளத்தைத் தோண்டிவிடக்கூடும். இக்னாஸ் ஸ்னெல்லன் தலைமையிலான குழு அல்மா தரவில் அதே முறையைச் செய்துபார்த்தபோது, வேறு ஐந்து ‘கோடுகள்’ 10 சிக்மாவை, அதாவது இரைச்சல் அளவின் பத்து மடங்கை, தாண்டித் தெரிந்தன. எளிய பின்னணியைக் கழித்தபோது பாஸ்பீன் கோடு சுமார் 2 சிக்மாவாகச் சுருங்கியது. தற்செயல் இரைச்சலை வைத்துக் கணக்கிட்ட சிக்மா, முறையில் உள்ள கோணலைக் காட்டாது. முதல் செய்திகளில் இந்த எச்சரிக்கை காதில் விழவே இல்லை.

கோடு உண்மையென்றாலும் அது யாருடையது? கந்தக டைஆக்சைடின் கோடு ஒன்று ஏறக்குறைய அதே அதிர்வெண்ணில் விழுகிறது. வெள்ளியில் அந்த வாயுவுக்குக் குறைவில்லை. ஒரே ஒரு கோட்டை வைத்துச் சேர்மத்தை அடையாளம் காண்பதன் அபாயம் இதுதான். இதற்கிடையே அல்மாவின் அளவுத்திருத்தத்திலும் பிழை தெரியவந்தது. தரவைச் சரிசெய்தபின் கிரீவ்ஸ் குழுவே தன் மதிப்பைப் பல மடங்கு குறைத்துக்கொண்டது.

2015இல் எடுத்திருந்த அகச்சிவப்புத் தரவு, மேக உச்சியில் நூறு கோடிக்கு 5 என்ற மேலெல்லையைத் தந்தது. வானூர்தியில் பறந்த சோஃபியா தொலைநோக்கி, பாஸ்பீனின் வேறு கோடுகளைத் தேடி, 2022இல் அந்த எல்லையை 0.8க்கு இறக்கியது. கிரீவ்ஸ் குழு அதே சோஃபியா தரவை வேறுவிதமாகக் கழித்து, பாஸ்பீன் இருப்பதாகவே மறுபடி வாதிட்டது. மேக்ஸ்வெல் தொலைநோக்கியின் புதிய அவதானிப்புகளிலும் அதைக் கண்டதாக 2024இல் அறிவிக்கப்பட்டது.