நிரம்பியது சில்லா, பங்கீடா? 2014 ஆகஸ்ட் 12 நிகழ்வு குறித்து ஒரு மறுவாசிப்பு

2014 ஆகஸ்ட் 12 அன்று இணையத்தின் பல பகுதிகள் சில மணி நேரம் தடுமாறின. உலக வழித்தட அட்டவணை வளர்ந்து வளர்ந்து ரவுட்டர் வன்பொருளின் எல்லையை முட்டிய நாள் என்றே ஆய்வுலகம் அதைப் பெரும்பாலும் கணக்கில் எழுதிவைத்திருக்கிறது. அட்டவணையின் வளர்ச்சியை நான் மறுக்கவில்லை. அன்று முட்டியது வன்பொருளின் எல்லைதானா என்பதே என் ஐயம்.

முதலில் கணக்கு. அன்று காலை, சர்வதேச நேரப்படி 8 மணிக்குச் சற்று முன், வெரைசன் வலையமைப்பிலிருந்து சுமார் 15,000 புதிய வழித்தடங்கள், வலையமைப்புகள் வழித்தடங்களைப் பரிமாறும் நெறிமுறையான பிஜிபி வழியே வெளியே கசிந்தன. பெரும்பாலும் /24 அளவிலானவை. ஏற்கெனவே பெரிய தொகுதிகளாக அறிவிக்கப்பட்டிருந்த முகவரிகளின் துண்டுகளே அவை. புதிதாக ஓர் இலக்கையும் அவை காட்டவில்லை. சில நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டும் விட்டன. அதற்கு முன் அட்டவணை 5 லட்சத்தை ஒட்டி இருந்தது. கசிவையும் கூட்டினால் 5,15,000 அளவில் நிற்கும். ஆனால் எல்லை என்று சொல்லப்படும் 512கே என்பது 5,12,000 அன்று. 512 × 1,024, அதாவது 5,24,288. இந்த இடைவெளியைப் பலர் கவனிக்காமலே கடந்துவிட்டனர்.

இடைவெளியை நிரப்பியது எது? விடை, பாதிக்கப்பட்ட கருவியிலேயே இருக்கிறது. சிஸ்கோ 6500, 7600 வரிசைப் பெட்டிகளில், 3பிஎக்ஸ்எல் வகை அட்டையின் திறனைக் காட்டும் கட்டளையை இட்டால், வழித்தடங்களை வைத்திருக்கும் சில்லான டிகேம் நினைவகத்துக்கு இரண்டு வரிகள் வரும். முதல் வரி 72 பிட் அறைகள்: ஐபிவி4, எம்பிஎல்எஸ் இரண்டுக்கும் பொதுவாக 5,24,288. இரண்டாம் வரி 144 பிட் அறைகள்: ஐபிவி6, மல்டிகாஸ்ட் இரண்டுக்குமாக 2,62,144. இரண்டாம் வகை அறை ஒவ்வொன்றும் முதல் வகையில் இரண்டு அறைகளின் இடத்தைப் பிடிப்பதால், சில்லின் மொத்தக் கொள்ளளவு 10,48,576.

முதல் வரியில் உலக அட்டவணை மட்டும் குடியிருக்கவில்லை. அந்தந்த நிறுவனத்தின் உள்வழித்தடங்களும், வாடிக்கையாளர் வழித்தடங்களும், எம்பிஎல்எஸ் லேபிள்களும் அதே வரியில்தான் இடம் கேட்கின்றன. சொந்தச் சுமை அதிகமுள்ள நிறுவனத்தின் பெட்டி 5,15,000-இல் வழிந்திருக்கும். சுமை குறைந்த பக்கத்து நிறுவனம் ஒன்றும் அறியாமல் இருந்திருக்கும். உலகம் முழுவதற்கும் ஒரே எல்லை, அதைத் தொட்ட ஒரே நாள் என்ற சித்திரம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

இரண்டாம் வரி இன்னும் முக்கியமானது. ஆய்வுகள் அதைத் தொடுவதே அரிது. 2014 ஆகஸ்டில் ஐபிவி6 உலக அட்டவணையில் 20,000 வழித்தடங்கள்கூட இல்லை. 2,62,144 அறைகளில் 8 விழுக்காட்டுக்கும் குறைவு. மல்டிகாஸ்ட் வேண்டிய அளவு எடுத்துக்கொண்டாலும், சில்லின் ஏறக்குறைய பாதி பெரும்பாலான இடங்களில் காலியாகவே கிடந்திருக்க வேண்டும். முதல் வரி நிரம்பி, மேற்கொண்டு வந்த வழித்தடங்களுக்கான பொதிகளை மையச் செயலி மென்பொருளால் கடத்தத் திணறியபோதும் அதே சில்லில் இடம் இருந்தது. நிரம்பியது பங்கீடு.

இந்தப் பங்கீட்டை மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் பெட்டியை நிறுத்தி மறுபடி துவக்கினால்தான் அது செயலுக்கு வரும். நிரம்பிவிட்ட நிலையிலிருந்து மீளவும் மறுதுவக்கமே வழி. கசிவு நிமிடங்களில் ஓய்ந்தும் பாதிப்பு மணிக்கணக்கில் நீண்டது ஏன் என்பதை வளர்ச்சிக் கோட்பாட்டால் விளக்க முடியவில்லை, இதனால் முடிகிறது. சிஸ்கோ அவ்வாண்டு மே மாதமே எச்சரித்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மையப் பெட்டியை நிறுத்த யாருக்கு மனம் வரும்?

அந்தப் பாதிக்குப் பாதி பங்கீடு எங்கிருந்து வந்தது? இங்கே ஊகமாகவே பேச முடியும். ஐபிவி6 விரைந்து பரவும் என்ற எதிர்பார்ப்பு நிலவிய காலத்தில் வடிவமைக்கப்பட்ட அட்டை இது. அந்த எதிர்பார்ப்பே ஆலையிலிருந்து வரும் அமைப்பாகப் பதிந்தது எனக் கொள்வது பொருந்துகிறது. அப்படியானால் அன்று பொய்த்தது ஐபிவி4 வளர்ச்சி பற்றிய கணிப்பு இல்லை. ஐபிவி6 வரவு பற்றிய கணிப்பு.

இதற்கு மறுப்பாக, ஐபிவி4-க்கு 1000கே கொடுத்துவிட்டால் ஐபிவி6-க்கு அதிகம்போனால் 12கே அறைகளே மிஞ்சும், முழு அட்டவணை கொள்ளாது என்பர். உண்மை. ஆனால் 768கே கொடுத்தால் 128கே மிஞ்சும். பலரும் அதைத்தான் தேர்ந்தார்கள். ஒரே வகைப் பெட்டியை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்ற கேள்வி என்னைத் தடுக்கவில்லை: அந்நாளைப் பற்றிய பேச்சில் முன்னே நிற்பது அந்த வரிசைதான்.

உண்மையான வன்பொருள் எல்லையும் இருந்ததுண்டு. முந்தைய 3பி அட்டையில் மொத்தமே 256கே அறைகள். 2008-இல் ஐபிவி4 அட்டவணை அதைத் தாண்டியபோது எந்தப் பங்கீடும் உதவியிருக்காது. முழு அட்டவணை வேண்டுமென்றால் அட்டையையே மாற்ற வேண்டியிருந்தது. 2008-ஐயும் 2014-ஐயும் ஒரே வரைபடத்தில் இரு புள்ளிகளாக இடுவது பிழை.

2006 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய இணைய வழித்தடப் பட்டறையின் அறிக்கை, ஆர்எஃப்சி 4984, வளர்ச்சிக் கோட்பாட்டுக்கு அடிக்கடி சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. ரவுட்டருக்கான சிறப்பு நினைவகங்கள் குறைந்த எண்ணிக்கையில் விற்பவை, கணினிச் சந்தையின் விலைச்சரிவு அவற்றுக்குக் கிட்டாது என்பது அதன் கவலைகளில் ஒன்று. அது செலவு எவ்வளவு வேகமாக ஏறும் என்பது பற்றியது. பாதி காலியாக இருந்த சில்லுக்கு அந்த அறிக்கை சாட்சியாகாது.

2019-இல் அட்டவணை 768கே, அதாவது 7,86,432 என்ற அடுத்த எல்லையையும் கடந்தது. முன்கூட்டியே பரவலான எச்சரிக்கை. அதே வரிசைப் பெட்டிகள் பல அப்போதும் பணியில். ஆயினும் 2014-ஐ ஒத்த தடுமாற்றம் ஏதும் நேரவில்லை. வளர்ச்சியே காரணம் என்போர் முதலில் விளக்க வேண்டியது இந்த 2019-ஐத்தான்.