வாந்தியை எண்ணியவர்கள்

அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும்போது நோயாளி வாந்தி எடுப்பதை மருத்துவமனையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மயக்க மருந்து கொடுத்தால் குமட்டத்தான் செய்யும் என்று தலைமாட்டில் ஒரு கிட்னி ட்ரேயை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகச் செவிலியர் பள்ளியைச் சேர்ந்த ரெட்டா டூமாஸ், ராபர்ட் லெனார்ட் என்ற சமூகவியலாளரோடு சேர்ந்து இந்த வாந்தியைக் கணக்கெடுத்தார். அறுவைக்குக் காத்திருந்த பெண்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தது. இன்னொரு பிரிவினரிடம் ஒரு செவிலியர் போய் உட்கார்ந்தார். என்ன பயம், எதை நினைத்துக் கலங்குகிறார்கள் என்று கேட்டார். கேட்டதோடு விடாமல், அந்தக் கலக்கம் தணிகிறதா என்று பார்த்துக்கொண்டே உடனிருந்தார். கூடுதலாகச் செய்தது அவ்வளவுதான். அப்படிப் பேசி அனுப்பப்பட்டவர்கள் கண்விழித்த பிறகு வாந்தி எடுப்பது குறைந்திருந்தது. 1963-இல் அச்சில் வந்த அந்தக் கட்டுரை, செவிலியர் செய்யும் வேலையையே சோதனைக்கு உட்படுத்திப் பார்த்த தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று.

டூமாஸ் பின்னாளில் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் துணை இயக்குநரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்ணும், முதல் செவிலியரும், முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகச் செவிலியர் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் என்ன சாதித்தார்கள் என்று கேட்டால் இப்படிப்பட்ட பதவிகளையும் விருதுகளையும் அடுக்குவதே வழக்கம். அந்தப் பட்டியல் எனக்குப் போதவில்லை. பதவியின் பெருமை அதை வகித்தவரோடு நின்றுவிடும். அந்த வாந்திக் கணக்கு அப்படி நிற்கவில்லை. செவிலியர் கல்வி பல்கலைக்கழகத்துக்குள் போனதால் விளைந்த பெரிய காரியம், கட்டிலருகே தினமும் நடப்பதைக் கேள்வியாக்கி அதற்கு விடை தேடும் அவகாசம் இந்தத் தொழிலுக்குக் கிடைத்ததுதான். யேல் ஆசிரியர்களின் சாதனைகளை இந்த அளவுகோலால் அளப்பதே நியாயம்.

அந்த அவகாசம் எவ்வளவு அரிதானது என்பது, அதற்கு முந்தைய நிலையைப் பார்த்தால் விளங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் செவிலியர் பள்ளிகள் பெரும்பாலும் மருத்துவமனைகளின் பிடியில் இருந்தன. மாணவிதான் வார்டின் ஆள்பலம். பகலெல்லாம் படுக்கை விரித்து, உடம்பு துடைத்து, மலச்சட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் களைப்போடு பாடம் கேட்பாள். அன்று வார்டில் எந்த வேலைக்கு ஆள் குறைவோ அதுவே அவளுடைய பாடத்திட்டம். 1923-இல் வெளியான கோல்ட்மார்க் அறிக்கை இதைத்தான் ஆதாரங்களோடு எடுத்துக்காட்டியது: மருத்துவமனையின் வேலை முன்னால் வர, கல்வி பின்னால் தள்ளப்படுகிறது என்று. அந்த அறிக்கைக் குழுவின் தலைவர் வின்ஸ்லோ, யேலில் பொதுச் சுகாதாரப் பேராசிரியர். அதே ஆண்டில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் யேலில் செவிலியர் பள்ளி தொடங்கியது. முதல் உலகப் போரின்போது ராணுவச் செவிலியர் பள்ளியை உருவாக்கிய ஆனி குட்ரிச் அதன் தலைவரானார். யேலில் ஒரு பள்ளிக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். இளங்கலைக் கல்லூரியில் மாணவிகளைச் சேர்க்க யேல் 1969 வரை மனம் வைக்கவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1929-இல் அறக்கட்டளை பத்து லட்சம் டாலரை நிலைநிதியாகத் தந்தது. 1934 முதல், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களே செவிலியர் படிப்பில் சேர முடியும் என்றானது.

இந்த ஏற்றம் நேர்க்கோட்டில் போகவில்லை. 1950-களின் நடுவில் பல்கலைக்கழக நிர்வாகம் அடிப்படைப் பயிற்சியையே நிறுத்தியது. ஏற்கெனவே செவிலியரானவர்கள் படிக்கும் முதுகலைப் படிப்பு மட்டும் மிஞ்சியது. பள்ளி சுருங்கியது. ஆனால், எஞ்சிய சிறு கூட்டம் செய்த வேலை வியக்க வைக்கிறது.

அவர்களில் மூத்தவர் வர்ஜீனியா ஹெண்டர்சன். 1897-இல் பிறந்தவர், யேலுக்கு 1953-இல் வந்தபோது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். செவிலியர் ஆராய்ச்சி என்று நாட்டில் என்னதான் இருக்கிறது என்று கணக்கெடுக்க லியோ சிம்மன்ஸோடு சேர்ந்து இறங்கினார். தேடப் போனால், தேடுவதற்கு ஒரு வழியே இல்லை. செவிலியரைப் பற்றி எழுதப்பட்டவை இதழ்களிலும் அறிக்கைகளிலும் சிதறிக் கிடந்தன. எது எங்கே என்று சொல்ல ஓர் அட்டவணை கிடையாது. ஆகவே அட்டவணையை உருவாக்குவதே அவருடைய வேலையாயிற்று. 1900 முதல் 1959 வரை வெளிவந்தவற்றைத் தொகுத்து, குறிப்பெழுதி, நான்கு தொகுதிகளாக 1963-க்கும் 1972-க்கும் இடையில் வெளியிட்டார்கள். கணினி கைக்கு வராத காலத்தில், பிறர் எழுதியதை மற்றவர் தேடி எடுப்பதற்காக ஒருவர் இத்தனை ஆண்டுகளைக் கொடுப்பது சாதாரணக் காரியமா? ஹெண்டர்சனைப் பற்றிப் பேசுபவர்கள் செவிலியத்துக்கு அவர் தந்த வரையறையைச் சொல்வார்கள், இந்த அட்டவணையைச் சொல்ல மாட்டார்கள். நான் இதையே முதலில் வைப்பேன். முன்பு கண்டறிந்ததை அடுத்தவர் எடுத்துப் படிக்க வழியில்லாத தொழிலில் ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அவருடைய வரையறையும் எளிதில் தாண்டிப்போகக் கூடியதன்று. வலிமையும் மனமும் அறிவும் இருந்தால் ஒருவர் தனக்குத்தானே எதையெல்லாம் செய்துகொள்வாரோ, அதை அவருக்காகச் செய்வதும், கூடிய விரைவில் அவர் தானே செய்துகொள்ளும்படி விட்டு விலகுவதும் செவிலியரின் தனி வேலை என்றார். மூச்சுவிடுவதில் தொடங்கிக் கற்பது வரை பதினான்கு தேவைகளை எண்ணிச் சொன்னார். தமிழ்நாட்டுச் செவிலியர் கல்லூரிகளிலும் மாணவிகள் இந்தப் பதினான்கைப் பாடமாகப் படிக்கிறார்கள். தமிழில் படிப்பவருக்கு இதில் ஒரு தனி நெருக்கமும் உண்டு. சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் பெற்ற தாய்க்கு நிகராக நின்று வளர்த்தவள். வளர்த்த பெண் தன் வழியே போகும்போது பிரிவைத் தாங்க வேண்டியவளும் அவளே. மருத்துவமனை வேலைக்கு அந்தப் பழைய சொல்லை எடுத்துக்கொண்டபோது ஹெண்டர்சனை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இருந்தும், தன்னைத் தேவையற்றவளாக்கிக்கொள்ளும் பராமரிப்பு என்ற பொருள் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது.

ஹெண்டர்சன் நூலகத்தில் செய்ததை, ஐடா ஜீன் ஒர்லாண்டோ வார்டில் செய்தார். மனநலக் கருத்துகளைச் செவிலியர் பாடத்தில் எப்படிச் சேர்ப்பது என்று பார்க்க 1954-இல் யேலில் அரசு நிதியில் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் ஒர்லாண்டோ, செவிலியரும் நோயாளியும் சந்திக்கும்போது நடப்பதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். ஏறத்தாழ 2,000 சந்திப்புகள். எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவருக்கு இரண்டு வகைதான் புலப்பட்டன: நல்ல கவனிப்பு, மோசமான கவனிப்பு. எது நல்லதை நல்லதாக்குகிறது என்று மறுபடி பிரித்துப் பார்த்தபோது ஒரு சிறு வேறுபாடு தெரிந்தது. நோயாளி மாத்திரையை வேண்டாம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செவிலியர் அதைப் பிடிவாதம் என்று தானே முடிவுசெய்து, சமாதானம் சொல்லி விழுங்க வைக்கப் பார்ப்பார். இன்னொருவர், தனக்குத் தோன்றியதை நோயாளியிடமே கேட்டுச் சரிபார்ப்பார்: விழுங்கினால் வலிக்கிறதா, போன முறை ஏதாவது ஆயிற்றா, யாராவது ஏதாவது சொன்னார்களா? இப்படிக் கேட்டுத் தெளிந்து செய்வதுதான் பலன் தருகிறது என்பதை 1961-இல் புத்தகமாக எழுதினார். டூமாஸின் சோதனையில் கட்டிலருகே உட்கார்ந்த செவிலியர் செய்ததும் இதுதான். பார்த்து எழுதியது ஒருவர், எண்ணிக் காட்டியது இன்னொருவர். பக்கத்துப் பக்கத்து அறைகளில் வேலைசெய்யும் ஆசிரியர்களிடம்தான் இப்படி ஒரு தொடர்ச்சி வரும்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி எதற்கு, அனுபவமுள்ள எந்த நர்ஸுக்கும் இது தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். பயந்தவரிடம் நாலு வார்த்தை பேசினால் உடம்பும் தேறும் என்பது பாட்டிமாருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததற்கும் நிலைநாட்டியதற்கும் இடையே நிர்வாகி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இரவுப் பணிக்கு எத்தனை பேர் என்று அவர் முடிவுசெய்யும்போது, பேசிக்கொண்டிருப்பது வேலையாகக் கணக்கில் வராது. ஊசியும் கட்டும்தான் வரும். 1972 முதல் பள்ளியின் தலைவராக இருந்த டோனா டயர்ஸ் இதைத் தெளிவாகக் கண்டவர். மருத்துவமனைக் கட்டணச் சீட்டில் எக்ஸ்ரேக்கு ஒரு வரி, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரி; செவிலியரின் வேலையோ அறை வாடகைக்குள் கரைந்துபோயிருந்தது. நோய் வகைக்கு ஏற்பக் கட்டணம் நிர்ணயிக்கும் முறை யேலில் உருவாகி 1983-இல் அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டில் நடைமுறைக்கு வந்த காலத்தில், எந்த நோயாளிக்கு எவ்வளவு செவிலியம் தேவைப்படுகிறது என்பதை அந்தக் கணக்குக்குள் கொண்டுவர அவர் உழைத்தார். அனுபவ ஞானத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த வாதத்தை வைக்கவே முடியாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. படிப்பு ஏற ஏற நர்ஸ் நோயாளியை விட்டு விலகி மேசைக்குப் போய்விடுகிறார் என்பது. இதில் உண்மை இருக்கிறது. முதுகலையும் முனைவர் பட்டமும் பலரை வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுபோய்விட்டன. வார்டில் கைகள் குறைந்தன. இதை மறைத்துவிட்டு யேலைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனால் விலகல் படிப்போடு பிறந்ததா என்றால், ஃப்ளாரன்ஸ் வால்டின் வாழ்க்கை வேறு கதை சொல்கிறது. அவர் டயர்ஸுக்கு முன்பு அதே பள்ளியின் தலைவராக இருந்தவர். 1963-இல் லண்டனிலிருந்து வந்த சிசிலி சாண்டர்ஸ், இறக்கப்போகிறவர்களின் வலியைத் தணிப்பது பற்றி யேலில் உரையாற்றியதைக் கேட்டார். சில ஆண்டுகளில் தலைவர் நாற்காலியை விட்டு இறங்கினார். லண்டனுக்குப் போய், இறக்கப்போகிறவர்களைப் பராமரிக்கும் சாண்டர்ஸின் ஹாஸ்பிஸில் கற்றார். திரும்பி வந்து மருத்துவர்களோடும் போதகரோடும் சேர்ந்து, சாகக் கிடப்பவர்களுக்கு என்ன தேவை என்று அவர்களோடேயே இருந்து ஆராய்ந்தார். அதன் விளைவாக 1974-இல் கனெக்டிகட்டில் அமெரிக்காவின் முதல் ஹாஸ்பிஸ் வீட்டுப் பராமரிப்பாகத் தொடங்கியது. 1982-இல் முதியோர் காப்பீடு அத்தகைய பராமரிப்புக்குப் பணம் தரச் சட்டம் வந்தது.

கடைசியாக, இது மேட்டுக்குடிப் பள்ளியின் கதை, பத்து பேர் எழுதியதைப் பல்லாயிரம் பேரின் தொழிலோடு எப்படி ஒட்டுவது என்பார்கள். சாதாரணப் பயிற்சிப் பள்ளிகளில் படித்தவர்கள்தான் உலகின் வார்டுகளைத் தாங்குகிறார்கள் என்பதில் ஐயமில்லை. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிய பிறகும் நம் நாட்டில் நிலைமை வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கண்டறிய நீண்ட படிப்பு தேவைப்பட்டது என்பதால், அதைச் செய்யவும் அதே படிப்பு தேவை என்றாகிவிடாது. வால்ட் தன் முதிய வயதில் கனெக்டிகட் சிறைகளுக்குப் போனார். அங்கே சாகக் கிடந்த கைதிகளுக்குத் துணையாக இருக்க, சக கைதிகளையே தன்னார்வலர்களாகப் பயிற்றுவிக்கும் ஏற்பாட்டுக்கு உழைத்தார். கட்டிலருகே உட்கார்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.