கூடையில் வந்த கடல்

மணிமங்கலம் ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த ஊர். நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இதனைக் குறிக்கிறது. இங்கே அலையோசை கேட்பதில்லை. ஆயினும் கடலோர மக்களின் வரலாறு கருவாடாக நம் அடுப்பங்கரை வரை வந்திருக்கிறது. செப்பேடுகள் அதைப் பொறிக்கவில்லை.

நெய்தல் நிலத்துப் பெண்கள் மீனும் உப்பும் கொண்டுசென்று நெல்லாக மாற்றியதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. வலை வீசியவன் ஆண். மீனைக் கீறி, குடல் நீக்கி, உப்பிட்டு, மணலில் உலர்த்தி, கூடையில் சுமந்து உள்நாட்டுக்கு நடந்தவள் பெண். பனிக்கட்டி கிடைக்காத காலத்தில் மீன் கரையைக் கடந்தது அவள் உழைப்பால்தான்.

முத்துக்குளித்துறையின் பரதவர் 1535 முதல் 1537 வரை திருமுழுக்குப் பெற்றதையும், 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்ததையும் நாம் அறிவோம். முத்தைப் பற்றி ஏடுகள் பல உண்டு. ஆனால் முத்துக்குளிப்பு சில வாரங்களே நடக்கும்; அதுவும் எல்லா ஆண்டுகளிலும் இல்லை. வீட்டில் உலை கொதித்தது மீனால். அக்கரையின் மாசி தனிச் சுவையுடையது. சூரை மீனைக் கீறி, உப்புநீரில் வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை வெயிலில் காயவைப்பார்கள். பின்னர் இடித்துத் தேங்காயும் மிளகாயும் சேர்த்தால் சம்பல். 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கிய இபின் பதூதா, இத்தகைய மீன் அங்கிருந்து இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் சென்றதை எழுதியுள்ளார்.

கலிலேயாவிலும் இதே தொழில் இருந்தது. மகதலா என்ற ஊரையே கிரேக்கர் தாரிக்கேயா என்று அழைத்ததாக அறிஞர் பலர் கருதுகின்றனர். உப்பிட்ட மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியில் யோவான் மீனுக்குக் கையாளும் 'ஒப்சாரியோன்' என்ற சொல், அப்பத்தோடு தொட்டுக்கொள்ளும் சிறு மீனைச் சுட்டும். அச்சிறுவனிடம் இருந்தவை உப்பிட்ட மீன்களாகவே இருந்திருக்கலாம். மறையுரைகளில் நாம் இதனைச் சொல்வதில்லை. கருவாடு என்றால் பீடத்துக்குப் பொருந்தாதோ என்னவோ!

இன்று விசைப்படகின் வலையில் சிக்கும் பொடிமீன் பெருமளவு கோழித் தீவனமாகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்நாள்களில் ஏழை வீட்டுக் குழம்புக்குப் பழைய கருவாடே துணை. கூடைக்காரியோ இன்னும் பயணம் செய்கிறாள். 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய மூதாட்டி ஒருவரை, நாற்றம் வீசுகிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று உரத்த குரலில் நியாயம் கேட்டார். பேருந்து ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.