முக்குளிப்புக் கணினியும் திறமூல நிலைபொருளும்

முக்குளிப்புக் கணினி என்பது நீரின் ஆழத்தையும் மூழ்கியிருக்கும் நேரத்தையும் அளந்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று மேலே வரவேண்டும் என்று காட்டும் சிறு கருவி. பெரும்பாலும் மணிக்கட்டில் கட்டப்படும். அதன் சில்லில் பதிந்து இயங்கும் மென்பொருளே நிலைபொருள்.

கணக்கின் தோற்றம்

கடலில் 10 மீட்டர் ஆழத்தில் உடல்மீதான அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகும். சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரசன் திசுக்களில் கூடுதலாகக் கரையும். விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் உடலுக்குள் குமிழிகள் எழும். இதனால் மூட்டுவலி, பக்கவாதம், சில வேளை மரணமும் நேரும்.

பிரித்தானிய உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேனும் துணைவர்களும் ஆடுகளை வைத்து ஆராய்ந்து, 1908-இல் இதற்கான அட்டவணைகளை வெளியிட்டனர். உடலை வெவ்வேறு வேகத்தில் நைட்ரசனை ஏற்கும் 5 கற்பனைத் திசுக்களாக அவர்கள் பிரித்தனர். பின்னர் சூரிக் நகர மருத்துவர் ஆல்பர்ட் பூல்மன் அதனை 16 ஆக விரித்தார். அவர் தம் எண்களை நூலாகவே வெளியிட்டதால், எவரும் அக்கணக்கைச் செய்து பார்க்க முடிந்தது.

மூடிய நிரல்

1980-களில் இக்கணக்கு அச்சிட்ட அட்டவணையிலிருந்து மின்னணுக் கருவிக்கு மாறியது. சூத்திரம் நூலில் இருந்தாலும், கருவி அதை எப்படிக் கணக்கிடுகிறது என்பது பயனருக்குத் தெரியாமல் போனது. இதன் ஆபத்தை அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் என்னும் கருவி காட்டியது. நைட்ராக்ஸ் என்பது ஆக்சிசன் மிகுந்த சுவாசக் கலவை. கரையேறியவர் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதும், நைட்ராக்ஸையே சுவாசிப்பதாக அக்கருவி கணக்கிட்டது. அதனால் நைட்ரசன் உண்மையைவிட விரைவாக வெளியேறியதாகக் காட்டியது; அடுத்த முறை மூழ்குபவருக்கு அது ஆபத்து. 1995-இல் தயாரான இக்கருவிகள் 2003-இல்தான் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன.

திறந்த நிரல்

செருமனியின் ஹைன்ரிக்ஸ் வைகாம்ப் நிறுவனம் ஓஎஸ்டிசி என்னும் கருவியை உருவாக்கியது. ‘திறமூல முக்குளிப்புக் கணினி’ என்பதே அப்பெயரின் விரிவு. அதன் நிலைபொருளின் மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியானது. எவரும் அதைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

நிரலின் ஒரு பகுதி அசெம்பிளியிலும், திசுக்கணக்கு சி மொழியிலும் அமைந்துள்ளன. கம்பைலர் இவற்றைப் பிக்18 என்னும் 8 பிட் சில்லுக்குரிய இயந்திரக் குறியீடாக மாற்றும். கிடைக்கும் கோப்பைக் கணினிவழிக் கருவியில் ஏற்றலாம். சில்லின் நினைவகம் மிகச் சிறியது. ஆகவே புதிதாக ஒரு திரையோ வசதியோ சேர்ப்பவர் ஒவ்வொரு பைட்டையும் எண்ணியே சேர்க்க வேண்டும்.

கம்பைலர் பிழையின்றி முடித்தால் கணக்கு சரி என்று பொருளன்று. கூட்டல் குறி கழித்தல் குறியாக இருந்தாலும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். எனவே மாற்றிய நிரலை நீருக்கு வெளியே பாவனை முக்குளிப்புகளில் ஓட்டி, விடைகளை வேறொரு நிரலின் விடைகளோடு ஒப்பிட வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்னும் திறமூல மென்பொருளும் இத்தகைய ஒப்பீட்டுக்கு உதவும்.

திறந்திருப்பதால் மட்டும் நிரல் பிழையற்றதாகிவிடாது. ஆனால் பிழையைத் தேடும் வாய்ப்பு, அதை நம்பி நீரில் இறங்குபவருக்கும் கிடைக்கிறது.